ஏ.சி. பம்பு பழுதா? பழைய வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு பாடம்

சுரண்டைச் சந்தையில் விடியுமுன் ஏற்றிய தக்காளியும் கத்தரியும் வெயில் ஏறுவதற்குள் மலைக்கு அப்பால் சென்று சேர்ந்தாக வேண்டும். ஓணத்துக்கு முந்திய வாரத்தில் இவ்வவசரம் இரட்டிப்பாகும். அத்தகைய வேளையில் புளியரை எஸ் வளைவில் வண்டி இரண்டு முறை இருமி, மூன்றாம் முறை அடியோடு நின்றுவிட்டால், நட்டம் வண்டிக்காரருக்கு மட்டும் உரியதன்று. விளைவித்தவர், தரம் பிரித்தவர், கூடை தூக்கியவர் ஆகிய அனைவரும் அதில் பங்கு பெறுவர். நூல் சிப்பம் ஏற்றிவரும் வண்டி பாதிவழியில் நின்றால் நெசவாளி அங்கத்தினரின் தறியும் அன்று நிற்கும். ஆதலின் வண்டி ஓட்டத் தெரியாத அங்கத்தினரும் இப்பாடத்தை ஒருமுறை வாசித்துவைப்பது வீண்போகாது.

நம் ஊர்ப்புறங்களில் பழைய ஜீப்புகளும், பத்மினிக் கார்களும், கார்புரேட்டர் வைத்த ஆம்னி வான்களும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் ஒன்று வழியில் நின்றதும் முதலிற் குற்றஞ்சாட்டப்படுவது ஏ.சி. பம்பு என்று பட்டறைகளில் வழங்கும் பெட்ரோல் பம்பே ஆகும். இந்த ஏ.சி. என்னும் இரண்டெழுத்து குளிர்சாதனத்தைக் குறிப்பதன்று. 1899ஆம் ஆண்டில் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்று, பின்னர் அமெரிக்கா சென்று ஸ்பார்க் பிளக்குத் தொழிலில் இறங்கிய ஆல்பர்ட் சாம்பியன் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயரிலுள்ள முதலெழுத்துகளே அவை. அவர் நிறுவிய கம்பெனியின் பெயரால் வந்த பம்பு எங்கும் பரவியமையால், யார் செய்த பம்பானாலும் நம் மெக்கானிக்குகளுக்கு அது ஏ.சி. பம்பாயிற்று.

குற்றம் உண்மையாகவே பம்பினுடையதாக இருக்கும் சமயங்கள் உண்டு. ஆயினும் டாங்கியின் மூடியிலோ, குழாயிலோ, கார்புரேட்டரின் ஊசியிலோ உள்ள கோளாறுக்காக நல்ல பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்கி மாட்டி, அதன் பின்னும் வண்டி பழையபடியே நிற்கக் கண்டு திகைப்போரும் பலர். பம்பை முதலிற் சந்தேகிக்கலாம். தீர்ப்பை மட்டும் இறுதியிற் கூற வேண்டும். அவ்வாறு செய்தற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு ஸ்பானர், ஒரு கண்ணாடிக் குப்பி, ஓர் அடி நீள ரப்பர்க் குழாய், சற்றுப் பொறுமை ஆகியவை போதும்.

பம்பு செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்வோம். கிணற்றில் எஞ்சின் வைத்து இறைத்த அனுபவமுள்ள அங்கத்தினர்க்கு இதில் பாதி முன்பே தெரியும். அந்த ஆயில் எஞ்சினில் எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் தலைக்கு மேலே அமர்ந்திருக்கும். எண்ணெய் தானாகவே கீழிறங்கிவரும். முற்கால மோட்டார் வண்டிகளிலும் இம்முறையே இருந்தது. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு ‘டி’ மாடல் காரில் பெட்ரோல் டாங்கி ஆசனத்தின் அடியில் இருந்தமையால், செங்குத்தான மேட்டில் மூக்கை உயர்த்தி ஏறும்போது பெட்ரோல் எஞ்சினை எட்டாமற் போகும். அக்காலத்து ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேடேற்றினார்கள் என்பது வேடிக்கையன்று, உண்மையே. இத்தொல்லையைப் போக்கவே, தாழ்வான இடத்திலுள்ள டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி மேலே தள்ளும் பம்பு எஞ்சினோடு சேர்க்கப்பட்டது.

எஞ்சினுள் சுழலும் கேம் தண்டில் ஒரு பக்கம் புடைத்த வட்டம் ஒன்று உண்டு. விசைத்தறியில் நாடாவை உதைத்தனுப்பும் கேமைப் பார்த்த நெசவாளர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. அப்புடைப்பு பம்பின் நெம்புகையை அழுத்தும்போது, அக்கை டயபிரம் எனப்படும் சவ்வைக் கீழே இழுக்கும். அப்போது உட்செல்லும் வால்வு திறந்து, டாங்கியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். புடைப்பு நீங்கியதும் சவ்வின் அடியிலுள்ள ஸ்பிரிங் அதனை மேலே தள்ள, பெட்ரோல் வெளிச்செல்லும் வால்வு வழியே கார்புரேட்டருக்கு ஏறும். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்து மிதவையின் ஊசி வழியை அடைத்துவிட்டால், சவ்வு கீழேயே தங்கிக் காத்திருக்கும். நெம்புகை மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே தள்ளும் வேகத்தை முடிவு செய்வது எஞ்சினன்று, ஸ்பிரிங்கே. அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 1½ பவுண்டிலிருந்து 4 பவுண்டுக்குள் அடங்கிய மென்மையான அழுத்தமே. கேம் தண்டு எஞ்சினின் பாதி வேகத்திற் சுழல்வதால், எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்பு ஒருமுறை பெட்ரோலைத் தள்ளும். இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

இன்னொன்றையும் கிணற்றடியிலிருந்தே கற்கலாம். பம்புசெட்டின் உறிஞ்சு குழாயில் ஊசித்துளை விழுந்தால், வெளியே ஒரு சொட்டு நீரும் கசிவதில்லை. உள்ளே காற்றுத்தான் புகுகிறது. மோட்டார் ஓடும், நீர் வராது. வண்டியிலும் அப்படியே. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள குழாய் பழுதானால் பெட்ரோல் சிந்தும், நாற்றம் வரும், கண்ணுக்கு உடனே புலப்படும். டாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் வெடிப்பு இருந்தாலோ எங்கும் ஈரம் காணாது. பம்பு பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஈரமில்லை, ஆகவே குழாயில் குறையில்லை என்று முடிவு செய்து பம்பைக் கழற்றுவோர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

இனி, வண்டி நின்றபோது பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம். நின்றது பெட்ரோல் குறையாலா, மின்சாரக் குறையாலா என்பதை முதலில் தெளிந்துகொள்க. பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி திடீரென்று விளக்கணைந்தாற்போல் நிற்பதில்லை. மேட்டில் இழுவை குறையும், உதறும், ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் சற்று உயிர் வரும், பிறகு மெல்ல அடங்கும். ஒரே நொடியில் சத்தமின்றி நின்றது பெரும்பாலும் காயில், பாயிண்ட், கம்பி ஆகியவற்றின் குற்றமாகும். இவ்வேறுபாட்டைச் சாலையிலேயே ஓட்டுநர் கவனித்துச் சொன்னால் பட்டறையில் பாதி நாள் மிச்சமாகும்.

அடுத்து, டாங்கியின் மூடியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, அதன் பின் வண்டி தானே கிளம்பினால், மூடியில் காற்று புகும் சிறு துளை அடைபட்டிருக்கிறது என்பது பொருள். பெட்ரோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று வேண்டும். அது வராவிட்டால் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. ஆடி மாதக் காற்றில் சுரண்டைப் பக்கம் பறக்கும் புழுதி, அத்துளையை அடைக்கப் போதுமானது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் குறை தீரும், செலவு ஒன்றுமில்லை.

மூடி சரியாயிருந்தால், குழாயைத் தொடர்ந்து கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். இரும்புக் குழாய் கல்லடி பட்டு நசுங்கிய இடம், ரப்பர்க் குழாய் வெயிலில் வெடித்த இடம், யூனியன் நட் தளர்ந்த இடம் ஆகியவற்றை விரலே சொல்லும். ரப்பர்க் குழாயை மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும். நேராகத் தொங்கும்போது அது நல்லது போலவே காட்சியளிக்கும். சில குழாய்கள் வெளியே கெடாமல், உள்ளே தோலுரிந்து தொங்கி வழியை அடைப்பதும் உண்டு. பம்பின் தலையில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதனைக் கழற்றி அடியில் படிந்த நீரையும் துருவையும் கொட்டி, வலையைத் துடைத்து, விளிம்பிலுள்ள தக்கை வளையம் முழுதாய் இருக்கிறதா என்று பார்க்கவும். வளையம் காய்ந்து சுருங்கியிருந்தால் அவ்வழியே காற்றுப் புகும். ஓரிரு ரூபாய்ச் சாமானுக்காகப் பம்பையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

கார்புரேட்டர்ப் பக்கமும் ஒரு கண் வேண்டும். மிதவைக் கிண்ணத்தின் ஊசி தூசியால் சிக்கி வழியை அடைத்துக்கொண்டால், பம்பு நன்றாயிருந்தும் கிண்ணம் வறண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் கிண்ணத்தை இரண்டு முறை மெல்லத் தட்டினால் ஊசி விடுபடுவதும் உண்டு. விடுபட்டதே என்று மகிழ்ந்து விட்டுவிடாமல், ஊர் சேர்ந்ததும் கிண்ணத்தைத் திறந்து கழுவிவிட வேண்டும்.

மலையேறும் வண்டிகளுக்கு உரிய தனித் தொல்லை ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் பாரத்துடன் சிறு கியரில் நெடுநேரம் ஏறும்போது எஞ்சின் பக்கத்துச் சூடு பம்பையும் குழாயையும் தாக்கும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் சுமார் 35, 40 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்குபவை; உறிஞ்சு குழாயிலோ அழுத்தம் குறைவாயிருப்பதால் இன்னும் எளிதில் ஆவியாகும். பம்பு நீர்மத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. ஆவி புகுந்துவிட்டால் சவ்வு எவ்வளவு ஆடினாலும் அந்த ஆவி சுருங்கி விரிவதன்றி நகராது. இதற்கு மருந்து குளிர்ச்சியே. வண்டியை ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து, நனைத்த துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி, ஒரு கால்மணி நேரம் பொறுத்தால் வண்டி கிளம்பும். நீரைக் குடத்தோடு கொட்டலாகாது. காய்ந்த சைலன்சர் வாய்க்குழாயின் மேல் பட்டால் அது வெடிக்கும். இவ்வாறு குளிர்ந்ததும் சரியாகும் வண்டியின் பம்பைப் பழுதென்று தள்ள வேண்டா. குழாய் சைலன்சரை ஒட்டிச் செல்கிறதா, ரேடியேட்டர் சரியாகக் குளிர்விக்கிறதா, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே இருக்க வேண்டிய சூடு தாங்கும் கட்டை இருக்கிறதா என்பவற்றையே பார்க்க வேண்டும். ஆனால் முன்பெல்லாம் அதே மேட்டை அதே பாரத்துடன் ஏறிய வண்டி இவ்வாண்டு மட்டும் அடிக்கடி இவ்வாறு நிற்குமாயின், பம்பு தளர்ந்து வருகிறது என்பதற்கும் அது அடையாளமாகலாம்.

இவை யாவும் பார்த்தபின்பே பம்பைச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு முன் ஒரு சொல். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று பத்தடி தூரத்து அடுப்பையும் பற்றும். எனவே இவ்வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறியபின், பீடி சுருட்டு இல்லாமல், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலுடன் செய்ய வேண்டும். வாயால் பெட்ரோலை உறிஞ்சும் வழக்கத்தை இன்றோடு விட்டொழிக்க வேண்டும். தவறி ஒரு மிடறு மூச்சுக் குழாய்க்குள் சென்றாலும் நுரையீரல் வெந்து போகும். அப்படி நேர்ந்தால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தியோடு பெட்ரோல் மீண்டும் நுரையீரலுக்குள் இறங்கும்.

காயிலுக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றிவிட்டால் பொறி பறக்காது. பின் கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, ரப்பர்க் குழாய் மூலம் அதன் முனையைக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு, ஒருவர் ஹேண்டிலாலோ ஸ்டார்ட்டராலோ எஞ்சினைச் சுற்ற, மற்றவர் குப்பியைப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன கணக்கின்படி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் துள்ளிப் பாய வேண்டும். பால் கறக்கும்போது செம்பில் பாயும் பீர் போல அடித்து விழுந்தால் பம்பு நல்லது. நூல் போல வழிந்தால் ஐயத்துக்குரியது. நுரையும் குமிழியுமாக வந்தால் உறிஞ்சு பக்கத்தில் காற்றுப் புகுகிறது. மீண்டும் குழாய்க்கே திரும்ப வேண்டும். ஒன்றுமே வராவிட்டால், பம்பின் உட்செல்லும் வாயிலுள்ள குழாயைக் கழற்றி, அவ்வாயை விரலால் மூடி எஞ்சினைச் சுற்றுக. விரலை இழுத்துப் பிடித்து, சுற்றுவதை நிறுத்திய பின்னும் சில விநாடிகள் விடாமலிருந்தால் சவ்வும் வால்வும் நலமாக உள்ளன. அடைப்பு டாங்கியின் பக்கத்திலேயே இருக்கிறது. இழுப்பே இல்லையென்றாலும், இழுத்து உடனே விட்டுவிட்டாலும் குற்றம் பம்பின்மேல் உறுதியாயிற்று.

பம்பில் கையால் அழுத்தும் சிறு நெம்புகோல் இருந்தால் எஞ்சினைச் சுற்றாமலே இதனைச் செய்யலாம். ஆனால் ஒரு நுணுக்கம். கேமின் புடைப்பு நெம்புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், சவ்வு முன்பே கீழே இழுபட்டிருக்கும். கைநெம்புகோல் தளர்வாக ஆடுமே தவிர வேலை செய்யாது. எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அழுத்திப் பார்க்காமல் பம்பைக் குறை கூறுவது நியாயமன்று.

சோதனையின்றியே பம்பு தன் பழுதைத் தானே அறிவிக்கும் இரண்டு அடையாளங்கள் உள. பம்பின் கீழ்ப்பாகத்தில் பொட்டுத்துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் சொட்டுமாயின் சவ்வு கிழிந்துவிட்டது. சிலர் அத்துளையைச் சோப்பால் அடைத்துவிட்டு வண்டியை ஓட்டுவர். இதைவிடக் கெடுதலான வைத்தியம் வேறில்லை. வெளியேற வழியற்ற பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். இரண்டாவது அடையாளமும் அதுவே. ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கும்போது, ஊற்றாமலே ஆயில் ஏறியிருந்தால், அதனை முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் மணக்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. ஆவி சூழ்ந்த எஞ்சின் வயிறு தீக்கும் இடம் கொடுக்கும். சில நூறு ரூபாய்ச் சவ்வுக்கு மனம் வராமல் எஞ்சினையே பிரித்துக் கட்டும் நிலைக்கு வருவது இவ்வழியிலேதான். இவ்வடையாளம் கண்ட வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மெதுவாக ஓட்டி ஊர் சேர்த்துவிடலாம் என்னும் எண்ணம் கூடாது.

நின்ற வண்டியில் குப்பியைப் பானட்டின் மேல் கட்டி, குழாய் மூலம் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறக்கி ஓட்டுவதையும் நாம் சாலைகளிற் காண்கிறோம். எஞ்சின் பெட்ரோல் கிடைத்தால் நன்றாக ஓடுகிறதா என்று நிறுத்திய இடத்தில் அரை நிமிடம் சோதிக்க இது உதவும். அவ்வாறே மலையிறங்குவது சூடான எஞ்சின் மேல் தீப்பந்தத்தைக் கட்டிக்கொண்டு போவதாகும்.

பம்பே பழுது என்று தெளிந்தால், பிரித்துச் சரிசெய்வதா, புதியது மாட்டுவதா என்னும் கேள்வி எழும். உடல் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தால் சவ்வும் வால்வும் பேக்கிங்கும் அடங்கிய கிட் வாங்கி மாற்றலாம். ஓரம் மடித்து மூடப்பட்ட பம்பாயின் பிரிக்க இயலாது. முழுதாக மாற்றியே தீர வேண்டும். பிரிக்கக்கூடியதாயினும் நெம்புகையின் அச்சு தேய்ந்து தளர்ந்திருந்தால், அதில் புதுச் சவ்வு போடுவது கிழிந்த பாயில் பட்டு விரிப்பதற்கு ஒப்பாகும். கை முழுத் தூரம் இழுக்காது. அத்தகைய பம்புக்குப் புதியதே சிக்கனம் என்பது நம் கருத்து.

கழற்றும் முறை வருமாறு. பாட்டரியின் இணைப்பை நீக்குக. டாங்கிப் பக்கத்துக் குழாயைக் கழற்றியவுடன் மரமுளை ஒன்றால் அடைத்துவிடுக; சில ஜீப்புகளில் டாங்கி ஓட்டுநர் ஆசனத்தின் அடியில் இருப்பதால், பெட்ரோல் நிறைந்திருக்கும்போது தானே வழிந்துகொண்டிருக்கும். பம்பை எஞ்சினோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றுமுன், கேமின் புடைப்பு கைக்கு எதிர்ப்புறம் வரும்படி எஞ்சினைச் சுற்றி நிறுத்தினால் பம்பு எளிதில் வரும், எளிதில் ஏறும். கழற்றியதும் நெம்புகை கேமின் எந்தப் பக்கத்தில் தொட்டுக்கொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்க. புதியதை மாட்டும்போது அக்கை தவறான பக்கம் புகுந்தால், போல்ட்டை இறுக்குகையில் ஏதோ கடினமாக இருக்கிறதே என்று தோன்றும். அதையும் மீறி இறுக்கினால் கை ஒடியும். இடையிலுள்ள சூட்டுக்கட்டையும் பேக்கிங்கும் பழைய கனத்திலேயே இருத்தல் அவசியம். கட்டையை விட்டுவிட்டால் கை அளவுக்கு மீறித் தள்ளப்பட்டுச் சவ்வு கிழியும். பேக்கிங்கை இரண்டு மூன்றாக அடுக்கினால் இழுப்புக் குறையும். போல்ட்டுகளை ஒன்றை முழுதும் இறுக்கிய பின் மற்றதைத் தொடாமல், அரைச் சுற்று அரைச் சுற்றாக மாறிமாறி இறுக்குக.

சவ்வு மட்டும் மாற்றுவோர், பிரிக்குமுன் மேலுடலுக்கும் கீழுடலுக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு கிழித்துக்கொண்டால், திரும்பச் சேர்க்கும்போது குழாய் வாய்கள் திசை மாறா. பல பம்புகளில் சவ்வைச் சற்று அழுத்திக் கால் திருப்புத் திருப்பினால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும். பிடித்து இழுக்க வேண்டியதில்லை. சேர்க்கும்போதுதான் முக்கியமான இடம் வருகிறது. திருகாணிகளைத் தளர்வாக மாட்டி, நெம்புகையை முழுதும் அழுத்திச் சவ்வைக் கடைசி எல்லைவரை கீழே இழுத்துப் பிடித்த நிலையில், எதிரெதிர்த் திருகாணிகளாக இறுக்க வேண்டும். சவ்வை இழுக்காமல் தட்டையாக வைத்து இறுக்கிவிட்டால், ஒவ்வோர் இழுப்பிலும் அது விளிம்பில் விறைத்து, சில நாட்களிலேயே கிழியும். புதுக் கிட் போட்டும் நிற்கவில்லை, சாமான் போலி என்று கடைக்காரரோடு சண்டையிடுமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சவ்வின் விளிம்பில் பசை எதுவும் தடவலாகாது.

போலிச் சாமான் இல்லை என்று நாம் கூறவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. கரும்பிலிருந்தும், மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலியவற்றிலிருந்தும் வடிக்கும் எத்தனால் நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அந்த அளவு எட்டப்பட்டது. விளைபொருளுக்கு ஒரு சந்தை கூடுவதால் பயிரிடுவோர் இதனைக் குறை கூற மாட்டார்கள். ஆனால் பழைய வண்டிகளின் ரப்பரும் தக்கையும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊதச் செய்து, பின் விறைக்கச் செய்யும். டாங்கியில் பல்லாண்டுகளாகப் படிந்திருந்த கசடைக் கரைத்து வலைக்கு அனுப்பும். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நீர் அளவு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகிப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் முதலில் இழுப்பது அதனையே. ஆகவே சவ்வும் குழாயும் வாங்கும்போது எத்தனால் தாங்கக்கூடியதா என்று கேட்டு வாங்க வேண்டும். வைட்டான் போன்ற பொருளாற் செய்தவை கிடைக்கின்றன. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் பழைய பெட்ரோலை வைத்திருக்கவும் கூடாது.

டீசல் வண்டி வைத்திருப்போர் இப்பாடம் தமக்கில்லை என்று விட்டுவிட வேண்டா. பழைய டீசல் ஜீப்பிலும் 407 வண்டியிலும் டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தருவது பீட் பம்பு. அதன் கைப்பிடியைத் தளர்த்தி மேலும் கீழும் அடித்து, பில்டர் மேலுள்ள திருகாணியைச் சற்றுத் திறந்தால், முதலில் நுரையும் பின்னர்த் தெளிந்த டீசலும் வரும். இதுவே ஏர் எடுத்தல். எவ்வளவு அடித்தும் நுரை ஓயாவிட்டால் உறிஞ்சு குழாயில், அல்லது கைப்பிடியின் வாஷரில் காற்றுப் புகுகிறது. நுரையும் இல்லை, டீசலும் இல்லை என்றால் டாங்கியின் வலையும் பீட் பம்பின் வால்வுகளும் பார்க்கத்தக்கவை. அதற்கு அப்பாலுள்ள பெரிய பம்பின் மேல் கை வைக்கலாகாது. அது அளவுக் கருவியிலிட்டுச் சரிபார்க்கும் பட்டறைக்கு உரியது. இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும் வன்மையுடையது. கார்புரேட்டர் இல்லாத பிற்காலப் பெட்ரோல் வண்டிகளில் டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்பு இருக்கிறது. அதன் அழுத்தம் நாம் மேலே சொன்ன பம்பினுடையதைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்டது. குழாயைக் கழற்றிக் குப்பியில் விடும் சோதனையை அவ்வண்டியிற் செய்யவே கூடாது.

பம்பை மாட்டி முடித்ததும் உடனே எஞ்சினை முடுக்காமல், கைநெம்புகோலாலோ ஹேண்டிலாலோ பெட்ரோலை ஏற்றி, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவி ஈரம் பார்க்க வேண்டும். பிறகு காயில் கம்பியையும் பாட்டரியையும் இணைத்து எஞ்சினை ஓடவிட்டு, மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். புதுப் பம்பு மாட்டிய பின் கரும்புகை வந்து, கார்புரேட்டர் வழிந்தால், ஸ்பிரிங் வேகம் அவ்வண்டிக்கு மிகுதி. வண்டிக்கு உரிய எண் பார்த்து வாங்காததன் பலன் அது. முன்பே பெட்ரோல் கலந்திருந்த ஆயிலை முழுதும் வடித்துப் புது ஆயில் ஊற்றிய பின்னரே சாலைக்கு எடுக்க வேண்டும். மறுநாட் காலை, எஞ்சினைக் கிளப்புமுன், ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முதல்நாள் இருந்த கோட்டிலேயே இருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுப் பாரம் ஏற்றலாம்.